பாயின்ட் கொடுத்தால் அனுபவத்தைப் பகிர்வார்களா?

டீமில் மூத்தவர் ஒருவர் பேப்பர் போட்ட பிறகுதான் பல அலுவலகங்களுக்கு விழிப்பு வரும். ‘அந்த சர்வர் மக்கர் பண்ணினா அவருக்கு மட்டும்தானே தெரியும்?’ உடனே நோட்டீஸ் பீரியடில் அவசர அவசரமாக கே.டி. செஷன் நடக்கும். 10 ஆண்டு அனுபவம் நாலு ஸ்லைடில் அடங்குமா என்ன?

இதற்கு நிறுவனங்கள் பிடித்துக்கொண்ட வழிதான் கேமிஃபிகேஷன். அதாவது, வேலைக்குள் விளையாட்டைப் புகுத்துவது. சக ஊழியரின் சந்தேகத்துக்குப் பதில் எழுதினால் பாயின்ட், கொஞ்சம் சேர்ந்ததும் பேட்ஜ், மாதக் கடைசியில் லீடர்போர்டு.

இது பலன் தருமா? புரோகிராமர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம், 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. அங்கே ஒரு பதிலுக்கு ஆதரவு ஓட்டு விழுந்தால் 10 பாயின்ட். அந்த ஓட்டைப் போடுவது பதிலைப் படித்தவர்கள். ஓட்டுகள் மூலம் ஒரே நாளில் 200 பாயின்ட்டுக்கு மேல் சேர்க்கவும் முடியாது. அலுவலகங்களிலோ பெரும்பாலும் எண்ணிக்கைதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் ‘கூகுள்ல தேடிப் பாருங்க’ என்பதும் ஒரு பதில்தான்!

ஜெராக்ஸ் நிறுவனம் இந்தச் சிக்கலை 1990-களிலேயே சந்தித்தது. காப்பியர் மெஷின்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்கள், மேனுவலில் இல்லாத நுணுக்கங்களைத் தங்களுக்குள் பேசிப் பேசியே கற்றுக்கொள்வதை ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் கூடவே இருந்து கவனித்திருந்தார். அப்படிப்பட்ட நுணுக்கங்களைச் சேமிக்க, பிரான்சில் முதலில் நடைமுறைக்கு வந்தது ‘யுரேகா’ திட்டம். டிப்ஸ் தருபவர்களுக்குப் பணம் கொடுக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, வேண்டாம் என்றவர்கள் டெக்னீஷியன்களேதான். காசு என்று வந்துவிட்டால் எல்லோரும் எத்தனை டிப்ஸ் என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், தரம் அடிபடும் என்பது அவர்கள் வாதம். அனுபவசாலிகள் சரிபார்த்த பிறகு, எழுதியவர் பெயரோடு டிப்ஸ் வெளியானது. ‘இது இன்னார் கண்டுபிடிச்சது’ என்று அதே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிவதே பரிசு.

பாயின்ட்டை விட்டுப் பெயர் போட்டால் மட்டும் எல்லா ஆபீஸிலும் சரியாகிவிடுமா? அப்ரைசலைப் பொறுத்தது அது. டீமில் ஒருவருக்குத்தான் டாப் ரேட்டிங் என்றால், பக்கத்து சீட்டுக்காரருக்கு வேலையைச் சொல்லிக்கொடுப்பது தன் இன்கிரிமென்ட்டைத் தானே தூக்கிக் கொடுப்பது மாதிரி. வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ. கட்டுகிறவர் அந்த ரிஸ்க்கை ஒரு பேட்ஜுக்காக எடுக்க மாட்டார்.