உங்கள் கேம்பஸின் ‘கிரீன் அப்டேட்’ அமரவிளையைத் தாண்டிப் பேசுகிறதா?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போயிருந்தால் இந்த வரிசை உங்களுக்குத் தெரியும்: நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, அப்புறம் களியக்காவிளை. மலையாளப் பலகைகள் முடிந்து தமிழ்ப் பலகைகள் தொடங்கும் சில கிலோமீட்டர் தூரம் அது. அமரவிளையில் ஒரு செக்போஸ்ட் உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனை போய்விட்டது. கலால் துறையின் சோதனை மட்டும் தொடர்கிறது. ஸ்பிரிட், கஞ்சா, புகையிலை கடத்தல் பிடிபட்டால் இந்த ஊரின் பெயர் செய்தியில் அடிபடும்.

இந்தச் சாலையில் வடக்கே போகும் லாரிகளில் காய்கறி, பூ, குமரி, நெல்லை மாவட்டக் குவாரிகளின் கல், எம்-சாண்ட் எல்லாம் இருக்கும். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போன கல்லைப் பற்றிக் குமரிக்காரர்களிடம் கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்கள். தெற்கே திரும்பி வரும் வண்டிகளில் என்ன இருக்கிறது என்பதுதான் சிக்கல். கோழிக்கழிவு, மீன்கழிவு, ஹோட்டல் எச்சில், பிளாஸ்டிக், சில சமயம் ஆஸ்பத்திரிக் குப்பை. களியக்காவிளைப் பக்கம் இப்படிப்பட்ட வண்டிகள் பிடிபடுவது பல வருஷத்துக் கதை.

சரி, இதற்கும் உங்கள் கேம்பஸ் நியூஸ்லெட்டருக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் படிப்பு படிப்பவராக இருக்கலாம், வெளிநாட்டில் ஆய்வு மாணவராக இருக்கலாம், ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தின் பழைய மாணவராகவும் இருக்கலாம். மாதம் ஒரு மெயில் வந்திருக்கும். புதிய பேராசிரியர்கள், மாணவர் கலைவிழா, யாருக்கோ கிடைத்த விருது, கடைசியாகப் பச்சை எழுத்தில் ‘சஸ்டெய்னபிலிட்டி அப்டேட்’. இத்தனை மரக்கன்று நட்டோம், கூரையில் சோலார் வைத்தோம், கேன்டீனில் பிளாஸ்டிக் ஸ்ட்ரா இல்லை. படித்துவிட்டு ‘நல்லது’ என்று மூடிவிடுவோம். அந்த மெயிலை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஐந்து மைல் கணக்கு

நல்ல உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். அமரவிளையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், திருவனந்தபுரம் உள்ளூர் பகுதியில், சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. சி.டி.எஸ். என்றால்தான் பலருக்குப் புரியும். அப்போதைய முதல்வர் அச்சுத மேனனின் ஆதரவோடு பொருளியலாளர் கே.என்.ராஜ் 1970-களின் தொடக்கத்தில் கட்டியெழுப்பியது. இளநிலை வகுப்பே இல்லாத, முதுநிலைக்கும் ஆய்வுக்குமான இடம். 1975-ல் ஐ.நா.வுக்காக இங்கிருந்து வந்த ஆய்வைத் தொட்டுத்தான் ‘கேரள மாடல்’ பற்றிய விவாதமே உலகம் முழுக்கப் பரவியது.

அந்த வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். ‘சஸ்டெய்னபிலிட்டி’ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அதைச் செய்துவிட்ட மனிதர். சரிவான நிலத்தைச் சமப்படுத்தவில்லை, சரிவோடு சேர்த்தே கட்டிடத்தை எழுப்பினார். மரம் நின்ற இடத்தில் சுவர் வளைந்து போனது. ஜன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி, அதனால் ஏ.சி. இல்லாமலே காற்று வரும். செங்கல்லை நிறுத்திவைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’க் கட்டு முறையில் கல் சுமார் கால்வாசி மிச்சம். கூரையில் கான்கிரீட்டின் பங்கைக் குறைக்க உள்ளே பழைய ஓடுகளைப் பதித்தார். பூச்சு வேலையே கிடையாது. இன்று ‘கிரீன் பில்டிங்’ சான்றிதழ் வாங்கக் கண்ணாடிக் கட்டிடத்துக்கு மேல் சோலார் பலகை ஒட்டுபவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

பேக்கருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இளம் வயதில் பம்பாயில் காந்தியைச் சந்தித்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டுக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்பது காந்தி அவரிடம் சொன்ன கருத்து. ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். நெய்யாற்றின்கரையில் வீடு கட்டினால் கிட்டத்தட்ட பாறசாலை வரைக்கும்தான் போய்ப் பொருள் தேடலாம்!

பேக்கரின் அளவுகோல் உள்ளே வரும் பொருளுக்கானது. வெளியே போகும் பொருளுக்கும் அதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்? எத்தனை கிலோமீட்டர் போகிறது, யார் வீட்டு வாசலில் முடிகிறது? பெரும்பாலான கேம்பஸ் அப்டேட்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகின்றன.

நடுக்கல்லூரில் நடந்தது என்ன?

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு மேற்கே நடுக்கல்லூர், கொடகநல்லூர் சுற்று வட்டாரத்தில் மூட்டை மூட்டையாகக் குப்பை கொட்டப்பட்டது தெரியவந்தது. ஊசி, மருந்துப் பட்டை, கையுறை, கூடவே கேரள மருத்துவமனைகளின் காகிதங்கள். நோயாளிகளின் விவரங்கள்கூட அதில் இருந்தன. அடிபட்ட பெயர்களில் ஒன்று திருவனந்தபுரத்தின் ஆர்.சி.சி., அதாவது மண்டலப் புற்றுநோய் மையம். 1981-ல் தொடங்கப்பட்டது, தென் தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமான நோயாளிகள் போகும் இடம். புற்றுநோயியலில் முதுநிலை மருத்துவர்களை உருவாக்கும் கல்வி நிறுவனமும்கூட.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. மூன்று நாளில் கேரளமே வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. டிசம்பர் 22 ஞாயிற்றுக்கிழமை, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளத் தொடங்கினார்கள். ஒரு மாநிலம் தன் குப்பையைப் பக்கத்து மாநிலத்திலிருந்து இப்படித் திரும்ப எடுத்துப் போனது அபூர்வம். தமிழ்நாட்டில் சிலர் கைதானார்கள். கழிவை எடுத்துச் சென்ற தனியார் நிறுவனத்தைக் கேரளத்தின் சுசித்வ மிஷன் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2025 ஏப்ரலில், மருத்துவக் கழிவு கொட்டுபவர்கள்மீது குண்டர் சட்டம் பாயும்படி தமிழ்நாடு சட்டமன்றம் திருத்த மசோதாவை நிறைவேற்றியது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. மருத்துவக் கழிவை அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் தனியாகக் கொடுக்கிறோம், பொதுக் குப்பையைத்தான் தனியார் நிறுவனத்திடம் கொடுத்தோம் என்பது மருத்துவமனைத் தரப்பின் விளக்கமாக இருந்தது. அதாவது காகிதத்தில் எல்லாம் சரி! பிரித்தாகிவிட்டது, ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, பில் கட்டியாகிவிட்டது. இதே வாசலில் நின்றுகொண்டு எந்த நிறுவனமும் ‘100 சதவீதக் கழிவு மேலாண்மை’ என்று நியூஸ்லெட்டரில் போட முடியும். நடுக்கல்லூர் அந்த வாசலிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

குப்பை ஏன் எல்லை தாண்டுகிறது?

‘கேரளாக்காரன் திமிர்’ என்று சோஷியல் மீடியாவில் எழுதுவது சுலபம். காரணம் அதைவிடச் சிக்கலானது.

திருவனந்தபுரம் நகரின் குப்பை 2000-லிருந்து விளப்பில்சாலை என்ற கிராமத்து ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. குடிநீர் கெட்டது, நாற்றம் தாங்கவில்லை. ஊர்மக்கள் போராடி 2011 டிசம்பரில் ஆலையை மூடவைத்தார்கள். அவர்கள் செய்தது நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதன்பிறகு நகரம் வீட்டளவிலும் வார்டு அளவிலும் உரமாக்கும் முறைக்கு மாறியது. வீடுகளுக்கு அது ஓரளவு பொருந்தியது, ‘ஹரித கர்ம சேனை’ப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக்கை வாங்குகிறார்கள். ஆனால் ஹோட்டல், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் போன்ற பெரிய இடங்கள்? அவை ஏஜென்சியைத் தேடின.

மருத்துவக் கழிவுக்கு இன்னொரு முடிச்சு. இந்திய மருத்துவச் சங்கத்தின் ‘இமேஜ்’ ஆலை பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். ஒரு பொது ஆலை 75 கிலோமீட்டர் சுற்றளவுக்குச் சேவை செய்யலாம், படுக்கைகள் போதாவிட்டால் 150 வரை நீட்டலாம் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். தலைநகரம் அந்த வட்டத்துக்கு வெகு வெளியே. பாலோடு அருகே புதிய ஆலை வைக்கப் பார்த்தபோது 2018-ல் அங்கேயும் மக்கள் எதிர்த்தார்கள்.

ஆக, கழிவை முறையாகக் கையாளும் செலவு ஒரு பக்கம். கல் இறக்கிவிட்டு வெறுமனே தெற்கே திரும்பும் லாரி இன்னொரு பக்கம். திரும்பும் வண்டிக்கு டீசல் காசு எப்படியும் ஆகிவிட்டது, அதில் ஏற்றும் எதுவும் லாபம். கனிமம் கொண்டுபோகும் வண்டிகளே கழிவோடு திரும்புகின்றன என்ற குற்றச்சாட்டு குமரியில் பலமுறை எழுந்திருக்கிறது. குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் வேண்டும்: பன்றிப் பண்ணை, கைவிட்ட குவாரி, குளத்துக் கரை. அந்த நிலத்தைக் காட்டிக் கொடுப்பவர் பெரும்பாலும் நம்ம ஊர்க்காரராகத்தான் இருப்பார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. அமரவிளையிலும் பாறசாலையிலும் இன்றும் தமிழ் காதில் விழும், இருபக்கமும் கல்யாண உறவு உண்டு. இரண்டு அரசுகள் அறிக்கைப் போர் நடத்தும்போது, கழிவு வண்டியின் நாற்றத்தை முதலில் முகர்பவர்கள் இவர்கள்தான்.

நாமும் யோக்கியர்கள் இல்லை. சென்னையின் குப்பை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில், பெருங்குடியில் மலையானது. கோவையின் குப்பையை வெள்ளலூர் சுமக்கிறது. அங்கெல்லாம் மாநில எல்லை இல்லாததால் சத்தம் குறைவு, அவ்வளவுதான்.

சரி, அப்டேட்டில் என்ன தேடணும்?

முதலில் ‘ஸ்கோப்’. கார்பன் கணக்கில் மூன்று அடுக்கு உண்டு. கேம்பஸ் ஜெனரேட்டர், சொந்த வண்டிகள் எரிக்கும் எரிபொருள் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3: வாங்கும் பொருள், விமானப் பயணம், ஊழியர்கள் வந்துபோவது, வெளியே போகும் கழிவு என 15 பிரிவுகள். சோலார் வைத்தால் ஸ்கோப் 2 அழகாகக் குறையும், போட்டோவும் நன்றாக வரும். உங்கள் நிறுவனம் ‘உமிழ்வு பாதியானது’ என்று சொன்னால், எந்த ஸ்கோப் என்று பாருங்கள். சர்வதேச மாணவர்கள் படிக்கும் இடத்தில் விமானப் பயணத்தை விட்டுவிட்டுப் போடும் கணக்கு, கல்யாணச் செலவில் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போடும் கணக்கு மாதிரி.

அடுத்து ரேங்கிங். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-லிருந்து நடத்தும் ‘யூ.ஐ. கிரீன்மெட்ரிக்’ பட்டியலில் கழிவுக்கு 18 சதவீத மதிப்பெண். ஆனால் தரவுகளைக் கொடுப்பது அந்தந்தப் பல்கலைக்கழகமே. நம் ஊர் நாக் மதிப்பீட்டிலும் ‘கிரீன் ஆடிட்’ ஆவணம் கேட்கிறார்கள். ரேங்க் வாங்கியது பொய் என்று சொல்லவில்லை. பின்தொடர்ந்து போய் லாரி எங்கே நின்றது என்று பார்ப்பது ரேங்கிங்கின் வேலை இல்லை, அவ்வளவே.

கேம்பஸ் சுவர் எதையும் தடுக்காது என்பதற்கு இன்னொரு திசையிலும் சாட்சி உண்டு. பாங்காக் அருகே இருக்கும் ஆசிய தொழில்நுட்பக் கழகம், ஏ.ஐ.டி., இந்திய, இலங்கை மாணவர்கள் நிறையப் படித்த சர்வதேச முதுநிலை நிறுவனம். நீர்வள மேலாண்மையும் அங்கே ஒரு பாடம். 2011 அக்டோபர் வெள்ளத்தில் அந்த வளாகமே மூழ்கியது.

சட்டம் உங்கள் கையில் என்ன கொடுக்கிறது? திடக்கழிவு விதிகளின்படி நாளுக்கு சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடம் ‘பெருமளவு கழிவு உற்பத்தியாளர்’. ஆயிரம் பேர் தங்கிப் படிக்கும் வளாகத்தில் ஆளுக்கு 300 கிராம் என்று வைத்தாலே 300 கிலோ வந்துவிடும். அப்படிப்பட்ட இடம் தரம் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். எனவே அப்டேட்டில் மரக்கன்று எண்ணிக்கை இருக்கும் இடத்தில் மூன்று விவரம் கேட்கலாம்: மாதம் எத்தனை கிலோ வெளியே போனது, யார் எடுத்துப் போனார்கள், கடைசியாக எந்த ஆலையில் இறங்கியது. ஏஜென்சியின் பெயரோடு நிறுத்திக்கொண்டால் விடமாட்டேன் என்று சொல்லுங்கள். ஆலையின் ரசீது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மருத்துவமனையோடு இணைந்த நிறுவனமா? இன்னும் வசதி. 2016 மருத்துவக் கழிவு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்கச் சொல்கின்றன. பைகளில் பார்கோடு வேண்டும், உடல் பாகம், ரத்தம் பட்ட பஞ்சு போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. முக்கியமாக, ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 30-க்குள் படிவம் 4-ல் ஆண்டறிக்கை தாக்கல் செய்து, அதை இணையதளத்திலும் போட வேண்டும். நிறத்துக்கு எத்தனை கிலோ, எந்த ஆலைக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆர்.டி.ஐ. போட வேண்டிய அவசியமே இல்லை, உங்கள் நிறுவனத்தின் பெயரோடு ‘படிவம் 4’ என்று தேடிப் பாருங்கள். கடைசியாகப் பதிவேற்றியது எந்த வருஷத்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.