கேம் ஆடுங்க... இங்கிலீஷ் பேசுங்க!

'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்டதுமே நாக்கு ஒட்டிக்கொள்கிறதா? கிராமர் தெரியும், அரியரும் கிடையாது. ஆனா, வாயைத் திறந்தா 'தப்பாயிடுமோ'ங்கிற பயம்! நல்ல மார்க் வாங்குறவங்களையும் கேம்பஸ் இன்டர்வியூவில் கவிழ்த்துவிடுவது இந்தப் பயம்தான்.

இதுக்கு மருந்து உங்க பாக்கெட்லயே இருக்கு... மொபைல் கேம்! கிளாஸில் தப்பாகச் சொன்னால் பின் பெஞ்சே சிரிக்கும். கேமில் தோற்றால்? 'இன்னொரு ரவுண்டு' என்று நீங்களே உட்கார்ந்துடுவீங்க. தப்பு பண்ணப் பயப்படாத அந்த மனசுதான் மொழிக்கும் தேவை.

நம்ம நாட்டுக் கிராமங்களிலேயே இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேத்யூ கேம் 2004-ல் தொடங்கிய 'மில்லி' திட்டம், செல்போன் கேம் மூலம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்றுத்தந்தது. ஆனால், பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத பாணியில் அமைந்த கேம்கள் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆய்வுக்குழு என்ன செய்தது தெரியுமா? வட, தென்னிந்தியக் கிராமத்துப் பிள்ளைகள் ஆடும் 28 விளையாட்டுகளை விசாரித்து, அக்குவேறு ஆணிவேறாக அலசியது. அதை வைத்து உருவாக்கிய புது கேம், பிள்ளைகளுக்கு எளிதாகப் புரிந்தது. 2009-ல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை சொல்லும் சேதி இது.

தெரிஞ்ச ஆட்டத்தில் புது மொழியை ஏற்றினால் சுலபமா ஏறும். அதே ஃபார்முலாவை நீங்களும் பிடிங்க!

* வேர்டில்: ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கணும். தினமும் ஒரு புதிர்தான். முடித்ததும், அந்தச் சொல்லை வைத்து ரூம்மேட்டிடம் ஒரு வாக்கியம் பேசிடுங்க.

* டியோலிங்கோ: மைக்கில் பேசச் சொல்லும் பயிற்சி வந்தால், 'இப்போ முடியாது' என்று நழுவாதீங்க. அதுதான் மெயின் மேட்டரே!

* அந்தாக்ஷரி: பஸ்ஸில் பாட்டுக்கு ஆடுவீங்கல்ல? அதையே வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் இங்கிலீஷ் வாக்கியத்துக்கு ஆடுங்க. ஒருத்தர் முடித்த எழுத்தில் அடுத்தவர் ஆரம்பிக்கணும். கிண்டல் பண்றவங்க டீ வாங்கித் தரணும்!

ஒரே ஒரு எச்சரிக்கை. நாலு விடையில் சரியானதைத் தட்டி லெவல் ஏறுவது வேறு, நாமே வாக்கியம் அமைத்துப் பேசுவது வேறு. இன்டர்வியூவில் யாரும் நாலு ஆப்ஷன் தர மாட்டாங்க. அதனால், பத்து நிமிஷம் விரல் ஆடினால், அடுத்த பத்து நிமிஷம் வாய் பேசட்டும்.

என்ன, முதல் வாய்ஸ் மெசேஜ் யாருக்கு அனுப்பப் போறீங்க?