குசினி அலுமாரியும் கணினி வரைபடமும்

ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் நெருங்கி நிற்கும் பழைய வீடுகளை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். தெருவை நோக்கிய முகப்பு குறுகியது. வீடோ பின்புறமாக நீண்டு செல்வது. பக்கச் சுவர் அயல் வீட்டுக்கும் உரியதாய் இருப்பதும் உண்டு. குசினி பெரும்பாலும் கடைக்கோடியிலே, சிறிய முற்றத்தை அடுத்து அமைந்திருக்கும். அத்தகைய குசினியிற் சுவரோடு பொருந்திய அலுமாரிகளை அமைக்க விரும்புவோர் இன்று மிகுந்துவிட்டனர். கொழும்பிலே இவற்றைப் பான்ட்றி அலுமாரிகள் என வழங்குவர்.

முன்னாளில் ஓடாவியாரை அழைத்து, இடத்தைக் காட்டி, இவ்வளவு உயரம் என்று கையை நீட்டினாற் போதுமானதாயிருந்தது. அவர் மரத்தைச் சீவிச் சீவிச் சுவருக்கு இணங்க வைத்துவிடுவார். இன்றைய அலுமாரி மெலமைன் பூசிய பலகையால் அல்லது ஒட்டுப்பலகையால் ஆவது. அதை வெட்டுவது பெரும்பாலும் இயந்திரம். இயந்திரத்துக்குக் கைச்சாடை விளங்காது. அதற்கு மில்லிமீற்றரிலே பட்டியல் வேண்டும். பட்டியலில் உள்ளவாறே வெட்டிய பலகை குசினிக்குள் நுழையாவிட்டால், நட்டம் வீட்டுக்காரருடையது. இதனாலேயே அலுமாரியை முதலிற் கணினித் திரையில் அமைத்துப் பார்ப்பது பயனுள்ள பழக்கமாகிறது.

கணினியில் வரைதல் நேற்றுப் பிறந்த வித்தையன்று. 1963 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து என்பார், ஒளிப்பேனாவால் திரையிற் கோடு வரைய இடந்தரும் ஸ்கெட்ச்பாட் என்னும் நிரலை உருவாக்கிக் காட்டினார். இன்று ஸ்கெட்ச்அப், சுவீட் ஹோம் திரீ டி போன்ற மென்பொருள்கள் சாதாரண வீட்டுக் கணினியிலேயே இயங்குகின்றன. பின்னையது முற்றிலும் இலவசமானது. முன்னையதற்கும் தனிப்பட்ட பாவனைக்கான இலவச வடிவம் உண்டு. அறையின் அமைப்பைப் பார்க்கச் சுவீட் ஹோம் எளிது. அலுமாரியின் ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே வரைய ஸ்கெட்ச்அப் ஏற்றது.

ஆயினும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மென்பொருள் நாம் சொல்வதையெல்லாம் நம்பும். அறை 6 அடிக்கு 10 அடி என்று சொன்னால், நான்கு மூலைகளும் நேர்கோணமாய், சுவர்கள் கண்ணாடிபோல் நேராய் ஒரு குசினியைத் திரையிற் காட்டிவிடும். ஜிந்துப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ அப்படியொரு பழைய குசினியைக் காண்பது அரிது. பல தலைமுறைப் பூச்சு ஏறிய சுவர் ஓரிடத்திற் புடைத்திருக்கும், மற்றோரிடத்திற் சாய்ந்திருக்கும். தரையும் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிந்திருக்கும்.

ஆகவே அளவு நாடாவே முதற்கருவி. கணினி அதற்குப் பின்னரே. சுவருக்குச் சுவர் உள்ள அகலத்தைத் தரையருகிலும், இடுப்பளவிலும், தலைக்கு மேலும் அளக்க வேண்டும். அதையே குசினியின் முன், நடு, பின் என மூன்றிடத்திற் செய்தால் ஒன்பது அளவுகள் கிடைக்கும். அவற்றுட் சிறியது எதுவோ அதுவே அலுமாரிக்குரிய அளவு. சராசரி எடுத்தல் இங்கே உதவாது. பலகை சராசரிக்குள் நுழைவதில்லை. மூலை நேரானதா என்று அறிய மேசன்மார் கையாளும் வழி போதும். ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் குறித்து, இரு குறிகளுக்கும் இடையை அளந்தால் சரியாக 5 அடி வரவேண்டும். கூடினால் மூலை விரிந்தது, குறைந்தால் ஒடுங்கியது. அந்தக் கோணலை அப்படியே திரையிலும் வரைய வேண்டும். கோணலை மறைத்து அழகாக வரைந்த படத்தால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது அளவு முறை. நம் ஓடாவிமாரும் மேசன்மாரும் அடி, அங்குலம், நூல் என்றே பேசுவர். அங்குலத்தில் எட்டிலொரு பங்கு ஒரு நூல். அது 3 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். பலகை வெட்டும் இடத்திலோ மில்லிமீற்றரே வழக்கு. அடி ஒன்றுக்கு 300 மில்லிமீற்றர் என்று வாய்க்கணக்காக மாற்றுபவர்கள் உளர். உண்மையில் அது 304.8 ஆகும். எட்டு அடிச் சுவரில் இந்தச் சிறு வேற்றுமை 38 மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். ஒன்றரை அங்குல இடைவெளி வாய்பிளந்து நிற்கும். மென்பொருளைத் திறந்தவுடன் அளவை மில்லிமீற்றர் என அமைத்துவிட்டு, வேறெதையும் பிறகு செய்வதே நன்று.

இனி 6 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள குசினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 1829 மில்லிமீற்றர். கீழ் அலுமாரியின் வழக்கமான ஆழம், மேற்தளத்தோடு சேர்த்து 600. இரு சுவர்களிலும் அவ்வாறே அமைத்தால் நடுவில் 629 மாத்திரமே எஞ்சும். குனிந்து லாச்சியைத் திறக்கவும் இடமிராது. ஒரு சுவரில் 600, எதிர்ச்சுவரில் 300 என வைத்தால் 929 எஞ்சும். ஒருவர் நின்று சமைக்க 900 ஆவது வேண்டும் ஆதலின், இது பொருந்தும். ஆனால் 600 அகலமுள்ள ஒற்றைக் கதவை அந்த வழியிலே திறந்தால், கதவின் நுனிக்கும் எதிர் அலுமாரிக்கும் இடையே 330 அளவுதான் இருக்கும். சட்டியோடு ஒருவர் கடக்க முடியாது. அதையே இரண்டு சிறு கதவுகளாகப் பிரித்தால் தொல்லை தீரும். இவ்வாறான சிக்கல்களைக் கதவு மூடிய படம் காட்டாது. ஒவ்வொரு கதவையும் லாச்சியையும் திறந்த நிலையில் ஒருமுறை வரைந்து பார்த்தல் இன்றியமையாதது.

இத்தகைய ஒடுங்கிய குசினியை நினைத்து மனம் தளரவேண்டியதில்லை. 1926 ஆம் ஆண்டில், ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞரான மார்கரெட்டே ஷுட்டே-லிகொட்ஸ்கி, ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு குசினியை வரைந்தார். இன்று உலகெங்கும் காணும் பொருத்தப்பட்ட குசினிக்கு அது முன்னோடி. அதன் அகலம் ஏறக்குறைய 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். நம்முடைய குசினியைவிட ஒரு சாண் இரு சாணே அதிகம்! இரயில் வண்டிகளின் உணவுப் பெட்டியிலிருந்த ஒடுங்கிய சமையலறையை அவர் மாதிரியாகக் கொண்டார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அதை வரையும்வரை தாம் சமைத்தறியாதவர் என்று அவரே பிற்காலத்திற் கூறியிருக்கிறார். சமையலை அறியாத நிலையிலும், சமைப்பவள் எத்தனை அடி நடக்கிறாள் என்பதைக் கணக்கிட்டார் என்பதே கவனிக்கத்தக்கது.

நாமும் சமைப்பவரின் உடலை அளக்க வேண்டும். மேல்நாட்டு மாதிரிகளில் சமையல் மேடையின் உயரம் 900 மில்லிமீற்றரளவில் இருக்கும். மென்பொருளோடு வரும் ஆயத்த அலுமாரிகளும் பெரும்பாலும் அவ்வாறே. அதை மாற்றாமல் ஏற்றுக்கொள்வதே பலருடைய தோள்வலிக்குக் காரணம் என்பது என் எண்ணம். நின்றபடி முழங்கையை மடக்கித் தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து, அதில் 100 முதல் 150 வரை கழித்தால் மரக்கறி வெட்ட ஏற்ற உயரம் கிடைக்கும். முழங்கை 950 இல் உள்ளவருக்கு 800 முதல் 850 வரை போதும். நம் வீடுகளில் எரிவாயு அடுப்பு மேடைமேல் தூக்கி வைக்கப்படுவது. அடுப்பின் உயரமும் அதன்மேல் சட்டியின் உயரமும் கூடுகின்றன. அடுப்பு நிற்கும் பகுதியை மாத்திரம் அவ்வளவுக்குத் தாழ்த்தி வரைதல் நலம். சுவீட் ஹோமில் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதற்கு ஒரு கற்பனை மனிதர் உண்டு. அவர் இயல்பாக உயரமானவர். அவருடைய கண்ணின் உயரத்தைச் சமைப்பவருடைய கண்ணளவுக்குத் தாழ்த்திய பின்னரே, மேல் அலுமாரியின் தட்டு எட்டுமா எட்டாதா என்பது விளங்கும்.

அலுமாரியை வரையுமுன் அதற்குள் வைக்கும் பொருளை வரைவது மற்றொரு நல்ல வழி. இடியப்பத் தட்டுகள், புட்டுப் பானை, தேங்காய்த் துருவலை, திருவிழாவுக்கும் விசேடத்துக்கும் மாத்திரம் வெளிவரும் பெரிய சருவச்சட்டி ஆகியவற்றை அளந்து, வெறும் பெட்டிகளாகத் திரையில் வைத்துவிட்டால், தட்டுகளின் இடைவெளி தானே தீர்மானமாகும். மேல்நாட்டு மாதிரித் தட்டில் நம் சருவச்சட்டி நிற்காது.

இவற்றுள் எரிவாயுச் சிலிண்டருக்குத் தனிக் கவனம் தேவை. 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல வீடுகளில் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையோடு படிந்து தேங்கும். ஆகவே சிலிண்டரை மூடிய அலுமாரிக்குள் ஒளித்து வைக்கும் அழகிய படங்களைப் பின்பற்றலாகாது. முற்றத்துச் சுவருக்கு வெளியே, நிழலிலும் காற்றோட்டத்திலும் நிற்கச் செய்தல் மேலானது. உள்ளேதான் வைக்க வேண்டுமெனின், அந்தப் பகுதிக்கு அடிப்பலகையும் வேண்டாம், முழுக் கதவும் வேண்டாம். தரைமட்டத்திலேயே காற்று வெளியேறும் வழி இருத்தல் வேண்டும். அந்த வழியும் முற்றத்தை நோக்கியதாக இருக்கவேண்டும். கை உடனே எட்டி அடைக்கக்கூடிய இடத்தில் திறப்பான் இருக்கிறதா என்பதையும் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சிலிண்டரை வளையமும் உருளையுமாக அதன் உண்மையான அளவில் வரைந்து வையுங்கள்.

அலுமாரியைப் பலகை பலகையாக வரையும்போது கனத்தை மறத்தலாகாது. 600 அகலமுள்ள பெட்டிக்கு இருபுறமும் 18 மில்லிமீற்றர்ப் பலகை எனின் உள் அகலம் 564. உள்ளே வரும் தட்டின் நீளமும் அதுவே. லாச்சி ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்துக்கு 13 விட்டால் லாச்சிப் பெட்டியின் வெளி அகலம் 538. கதவுகள் இரண்டெனின், ஒவ்வொன்றுக்கும் 3 மில்லிமீற்றர் விட்டு, 297 ஆக வெட்டலாம். 18 என விற்கும் பலகை சில வேளை 17 ஆகவோ அதற்குச் சற்று மேலாகவோ இருப்பதுண்டு. வாங்கப்போகும் பலகையை அளந்த பின்னரே எண்ணைப் பதியவேண்டும். ஸ்கெட்ச்அப்பில் ஒவ்வொரு பலகையையும் வரைந்தவுடன் தனி உறுப்பாக மாற்றிவிடல் அவசியம். இல்லையேல் தொட்ட கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றை நகர்த்த மற்றவையும் இழுபடும். ஒரே வகைப் பலகைகளை ஒரே உறுப்பின் பிரதிகளாக வைத்தால், ஒன்றைத் திருத்த எல்லாம் திருந்தும்.

சுவரின் சிறிய அளவு 3032 என்று வைத்துக்கொள்வோம். 900, 600, 600, 450, 450 எனப் பெட்டிகளை நிறுத்தினால் 3000 ஆகிறது. எஞ்சும் 32 ஐ இருபுறமும் பகிர்ந்து, மெல்லிய பட்டையால் நிரப்பலாம். கோணற் சுவருக்கு இணங்க ஓடாவியார் சீவுவது அந்தப் பட்டையைத்தான், பெட்டியையன்று. அடியில் 100 மில்லிமீற்றர் உயரக் கால்கள் இருந்தால் கால்விரல் நுழையவும், தரையைக் கழுவும் நீர் பலகையைத் தொடாதிருக்கவும் உதவும். சிங்கின் கீழ் வரும் பெட்டிக்கு நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகையே தகும். துறைமுகத்து உப்புக்காற்று வீசும் பகுதியாதலின், பிணைச்சல்கள் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும். பழைய சோனகத் தெருவிலே கேட்டு வாங்கலாம்.

முழுப் பலகை 2440 க்கு 1220. அகலத்தில் 560 ஆன பக்கப்பலகைகள் இரண்டு வெட்டினால் 100 மிஞ்ச வேண்டும்; ஆனால் வாள் ஒவ்வொரு வெட்டிலும் 4 மில்லிமீற்றரளவு தின்றுவிடுவதால் 92 தான் கையில் வரும். அந்தத் துண்டு பெட்டியின் மேற்சட்டத்துக்கு உதவும். பட்டியலைத் தயாரித்ததும் மில்லிமீற்றரையும் அங்குலத்தையும் பக்கத்தில் பக்கமாக எழுதி அச்சிட்டு, ஓடாவியாரிடம் கொடுங்கள். பலகையை வெட்டக் கொடுக்குமுன் அவர் தம் நாடாவோடு ஒருமுறை குசினிக்கு வந்து, அந்த ஒன்பது அளவுகளையும் தாமே எடுத்துப் பார்க்கட்டும்.