கார்க் கதவு ஸ்பீக்கர்: வாங்குமுன் அளந்து பாருங்கள்

வியாபாரம் ஓரளவு கைகூடியபின் கைமாறிய சொகுசுக் கார் ஒன்றை வாங்கி ஓட்டுவோர் நம் வணிகர்களிடையே உண்டு. பழைய கார் மலிவாகக் கிடைத்தாலும் அதன் உதிரி பாகங்கள் மலிவாகக் கிடைப்பதில்லை. கதவு ஸ்பீக்கர் கரகரத்தால், கடையில் பெட்டி மேல் பெரிய எண் போட்டதைக் கேட்டு வாங்கிப் பூட்டிவிடுகிறோம். சாதாரணக் காரில் இது பெரும்பாலும் ஒத்துப்போகும். சொகுசுக் காரில் கைப்பணம் வீணாவதோடு வேறு கேடும் வரலாம். அதனை இங்கே விளக்குகிறோம்.

குறை எங்கே?

முதலில் இடது, வலது ஸ்பீக்கர்களை மாற்றிப் பூட்டிப் பாருங்கள். கரகரப்பு ஸ்பீக்கரோடு கூடவே அடுத்த கதவுக்குப் போனால் குறை ஸ்பீக்கரில். பழைய கதவிலேயே நின்றால் வயரிலோ ஆம்ப்ளிபயரிலோ குறை. கதவைத் திறந்து மூடும் மடிப்பில் வயர் அறுவது உண்டு. அப்படியானால் புது ஸ்பீக்கர் தேவையே இல்லை.

ஓம் கணக்கு

மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையே ஓம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 4 ஓம். சொகுசுக் காரின் ஒலி அமைப்போ அந்தக் காருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது. 1983 மாடல் காடிலாக் செவில் காருக்குப் போஸ் நிறுவனம் அமைத்துக் கொடுத்ததில், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஆம்ப்ளிபயர் இருந்தது. பிற்காலச் சொகுசுக் கார்கள் பலவற்றில் தனி ஆம்ப்ளிபயரும் அதற்கேற்ற 2 ஓம் ஸ்பீக்கர்களும் உண்டு.

2 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் பூட்டினால் ஆம்ப்ளிபயர் ஏறக்குறையப் பாதித் திறனையே தரும். 4 ஓம் இடத்தில் 2 ஓம் பூட்டினாலோ இரு மடங்கு மின்னோட்டம் இழுத்து ஆம்ப்ளிபயர் சூடேறிக் கெட்டுப்போகக்கூடும். எனவே பழைய ஸ்பீக்கரின் பின்புறம் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். அழிந்திருந்தால் மல்டிமீட்டரில் அளக்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் சுமார் 3.2 முதல் 3.6 வரை காட்டும். 2 ஓம் ஸ்பீக்கர் 2க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும்.

வாட் கணக்கு

பெட்டி மேல் பெரிதாக அச்சிட்ட வாட், ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச அளவு. சாக்கின் எடையும் சேர்த்துச் சொன்ன மூட்டைக் கணக்கு அது. நிகர எடை போன்றது ஆர்.எம்.எஸ். வாட், அதையே கேளுங்கள். அதனினும் முக்கியம், டெசிபலில் குறிக்கும் உணர்திறன். 3 டெசிபல் கூடினால், ஆம்ப்ளிபயரை இரு மடங்காக்கியதற்குச் சமமான ஒலி கிடைக்கும்.

அளவும் ஆழமும்

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2007 முதல் சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் கார்களைப் பூட்டி வருகிறது. அதன் 3 சீரிஸ் வரிசையில் 2012க்குப் பின் வந்த எப்-30 மாடலைப் பாருங்கள். கதவில் இருப்பது 4 அங்குல ஸ்பீக்கர்தான். கனத்த அடித்தொனி தருபவை முன் இருக்கைகளுக்கு அடியில் உள்ளன. இதனை அறியாமல், அடித்தொனி போதவில்லை என்று கதவைக் குடைந்து பெரிய ஸ்பீக்கர் பூட்டுவது வீண்செலவு. காந்தத்தின் ஆழத்தையும் அளக்க வேண்டும். ஆழம் மிகுந்தால் இறங்கும் கண்ணாடி அதில் இடிக்கும். ஓரத்தில் நுரை வளையம் உள்ளதைவிட ரப்பர் வளையம் உள்ளது நீடித்து உழைக்கும்.

பூட்டும்போது கூட்டல், கழித்தல் முனைகள் மாறக் கூடாது. ஒரு கதவில் மட்டும் மாறினால் அடித்தொனி குன்றிவிடும்.

உயிர் காக்கும் விஷயம்

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள பல கார்களில், மோதலை உணரும் அழுத்த உணரி முன்கதவுக்குள்ளேயே இருக்கிறது. கதவு நசுங்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூடுவதைக் கொண்டுதான் அது வேலை செய்கிறது. ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளி விட்டாலோ, உள்பக்கத் தடுப்பு விரிப்பைக் கிழித்தபடி விட்டாலோ அழுத்தம் கசியும். ஏர்பேக் விரிவது தாமதப்படலாம். ஆகவே கதவைத் திறக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். விரிப்பு பழையபடி ஒட்டப்பட்டதா என்பதை மூடுமுன் நேரில் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது காரின் மாடல், ஆண்டு, ஓம், விட்டம், ஆழம் ஆகியவற்றை ஒரு சீட்டில் குறித்துச் செல்லுங்கள். இரண்டு கதவுக்கும் ஒரே வகையில் ஜோடியாக வாங்கி, பில்லும் கேட்டுப் பெறுங்கள். தராசில் வைக்காத சரக்கை நாம் கொள்முதல் செய்வதில்லை. நம் காருக்கு வாங்கும் பொருளுக்கும் அதே வழக்கத்தைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.