மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது?



நாம முழுங்கும் மாத்திரை எங்கே போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? குடலில் கரைந்து ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் அதை மாற்றும். பிறகு சிறுநீரில் வெளியேறும். இந்த வேகம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது.

நம்ம சைதாப்பேட்டையில் பீச் பக்கம் போற ரயிலில் ஏறினா நாலாவது ஸ்டேஷன் சேத்துப்பட்டு. அங்கே 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இருக்கு. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஐசோனியாசிட் என்ற டி.பி. மாத்திரையைச் சிலர் உடம்பு சீக்கிரமாகவும், சிலர் உடம்பு மெதுவாகவும் மாற்றும். இது பரம்பரையாக வரும் குணம். வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியில், சீக்கிரம் மாற்றுகிறவர்களுக்குக் குணமாவது குறைவாக இருந்தது!

சரி, மருந்தின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. ரத்தத்தை வேகமாகச் சுழற்றினால் செல்கள் அடியில் தங்கும். மேலே வெளிர் மஞ்சளாக நிற்பது பிளாஸ்மா.

2. அதில் ஆயிரம் பொருள் கலந்திருக்கும். அதனால் குரோமட்டோகிராபி செய்யணும். கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் வடிதாளில் புள்ளி வைத்து, தாளின் நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்தால் நிறங்கள் தனித்தனியாக மேலே ஏறுமே, அதேதான். ஆனால் இங்கே தாளுக்குப் பதில் நுண்ணிய தூள் அடைத்த எஃகுக் குழாய். பம்ப் திரவத்தை அழுத்தித் தள்ளும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும்.

3. குழாயின் முடிவில் மின்முனை இருக்கும். பாரசிட்டமால் போன்ற மருந்துகள் அதன் மேல் படும்போது எலக்ட்ரானை இழக்கும். மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். மருந்து அதிகம் இருந்தால் மின்னோட்டமும் அதிகம். எலக்ட்ரானை எளிதில் இழக்காத மருந்துகளைப் புற ஊதா ஒளியால் அளப்பார்கள்.

4. அளவு தெரிந்த மருந்தையும் இதே வழியில் செலுத்தி, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள்.

இப்படி அளப்பது எவ்வளவு தெரியுமா? ஐசோனியாசிட் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, 1 மில்லி லிட்டர் பிளாஸ்மாவில் 3 முதல் 6 மைக்ரோகிராம் இருக்கணும். 1 கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் 1 மைக்ரோகிராம்!

அளவு குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் கல்லீரல், நரம்பு பாதிக்கும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை நாம போடக்கூடாது. இருமல் நின்னுடுச்சுன்னு டி.பி. மாத்திரையை நடுவில் நிறுத்தவும் கூடாது. வீட்டில் யாராவது சாப்பிட்டால் தினமும் ஞாபகப்படுத்துங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி