சோதனைக்குழாய் குழந்தை: இங்கிலாந்தும் கொல்கத்தாவும்

உடலுக்கு வெளியே கருத்தரித்து உருவான முதல் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தாள். அதற்காக உழைத்த ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரின் ஆய்வுக்கு நிதி தர பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1971இல் மறுத்திருந்தது. தனியார் நன்கொடையில்தான் வேலை நடந்தது.

குழந்தை பிறந்ததும் மகிழ்ச்சியோடு அச்சமும் பரவியது. மிஞ்சும் கருக்களை என்ன செய்வது? அவற்றில் எவ்வளவு காலம் ஆய்வு நடத்தலாம்? இவற்றை ஆராய 1982இல் மெய்யியல் அறிஞர் மேரி வார்னாக் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. மருத்துவர்களோடு சட்டமும் சமயமும் அறிந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று குழு 1984இல் பரிந்துரைத்தது. உடல் அமைப்பின் முதல் கோடு கருவில் தெரிவது ஏறத்தாழ 15ஆம் நாளில். விஞ்ஞானம் தெரியாதவரும் எண்ணிச் சரிபார்க்கக்கூடிய எல்லை என்பதே இதன் பலம். ஆய்வை அடியோடு தடை செய்ய 1985இல் வந்த மசோதா தோற்றது; 1990இல் அந்த 14 நாள் எல்லையை ஏற்ற சட்டம் நிறைவேறி, உரிமம் தரும் ஆணையம் மறு ஆண்டே செயல்படத் தொடங்கியது. இந்த ஏற்பாட்டின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கையால்தான் வேறொரு பெண்ணின் கருமுட்டை உதவியுடன் செய்யும் மைட்டோகாண்ட்ரியா தான சிகிச்சையை 2015இல் நாடாளுமன்றம் துணிந்து அனுமதிக்க முடிந்தது.

கொல்கத்தாவில் நடந்தது வேறு. லூயிஸ் பிறந்து சரியாக 70 நாட்களில், 1978 அக்டோபர் 3 அன்று, டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கருவை உறையவைத்துப் பாதுகாத்து, பிறகு கருப்பையில் வைக்கும் முறையை அவர் கையாண்டிருந்தார். இத்துறையில் பயிற்சியில்லாதவர்களைக் கொண்டு மாநில அரசு அமைத்த குழு, அவர் சொன்னதை நம்ப மறுத்தது. ஜப்பான் சென்று தம் ஆய்வை விளக்க அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் கண் மருத்துவப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இதைக் கட்டுப்பாடு என்று சொல்வதே தவறு. நேர்மையான விசாரணைகூட அங்கே நடக்கவில்லை. அவருடைய குறிப்புகளைப் படித்த விஞ்ஞானி டி. சி. ஆனந்த் குமார், முகர்ஜியே முன்னோடி என்று 1997இல் அறிவித்தார்.

ஆராய்ச்சியாளரை அப்படி நசுக்கிய நாட்டில், செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் பின்னர் பல ஆண்டுகள் சட்டமே இல்லாமல் பெருகின. 2005இல் வந்த நெறிமுறைகளுக்குச் சட்டபலம் இல்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டம்தான் மையங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. கருமுட்டை தருபவரின் வயது 23 முதல் 35 வரை, வாழ்நாளில் ஒரே முறை என வரம்பிட்டது. அடுத்த ஆண்டே ஈரோட்டில், சிறுமி ஒருத்தியை வயதுவந்தவளாகக் காட்டிக் கருமுட்டைகளைப் பலமுறை விற்ற கொடுமை வெளிவந்தது. ஆவணங்களைச் சரிபார்க்கும் அதிகாரிகளும் முறையான சோதனைகளும் இல்லாத இடத்தில் அந்த வரம்புகள் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன.