பூட்டிய செய்தி

பண்டைக்காலத்தில் ஓலையைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் இலச்சினை இட்டு அனுப்புவர். இலச்சினை சிதையாமல் வந்து சேர்ந்தால், இடையில் ஒருவரும் படித்திலர் என்பது துணிபு. இந்நாளில் கைப்பேசிவழிச் செல்லும் செய்திக்கும் அத்தகைய காப்பு ஒன்று உண்டு. அதனை மறையாக்கம் என்பர்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பொருளீட்டச் சென்றோர் பலர். அரியலூரில் வாழும் தாய் ஒருத்தி, நகையை அடகு வைத்ததையும் மகளின் நோயையும் துபாயிலுள்ள கணவனுக்கு எழுதுகிறாள் எனக் கொள்வோம். அவள் கைப்பேசியிலேயே அச்செய்தி பொருள் விளங்காத எழுத்துக் குவியலாக மாறிவிடும். அதன் திறவுகோல் கணவனின் கைப்பேசியில் உள்ளது. சுமந்து செல்லும் நிறுவனத்தாராலும் அதனைப் படித்தல் இயலாது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வாட்ஸ்அப் இக்காப்பினைத் தன் செய்திகள் அனைத்திற்கும் அளித்தது. மறு ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

எனினும், இல்லறத்தார் சொல்லைக் காக்கும் பூட்டு கயவர் சொல்லையும் காக்கின்றது. சிறுவரிடம் நண்பர்போற் பழகிப் படம் பெற்று, பின்னர் அதனைக் காட்டியே அச்சுறுத்துவோர் உளர். 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்றில், முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் எனச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி கருத்துரைத்தார். பொய் அடையாளம் இடவல்லானை அது காட்டிக்கொடாது என மறுத்தாரும் உளர். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் முதலிய கொடுங்குற்றங்களில், முறையான ஆணை பிறந்தால் முதலில் அனுப்பியவரைப் பெருநிறுவனங்கள் காட்டல் வேண்டும் என, 2021 பிப்ரவரியில் நடுவணரசு விதி வகுத்தது. ஒருவனைத் தேடும் பொருட்டு எல்லார் செய்திக்கும் அடையாளமிட நேரும் என்று கூறி, வாட்ஸ்அப் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இவ்வச்சம் வீண் அச்சமன்று. காவலர்க்கென்றே செய்த திறவுகோல் கள்வர் கைக்கும் எட்டக்கூடும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. செய்தி வழியில்தான் பூட்டுண்டுள்ளது. பெற்றவர் கண்ணுக்கு அது திறந்த ஏடே. தனக்கு வந்த தகாத செய்தியைச் சிறுமி தன் தாயிடம் காட்டும்பொழுது எவர் அந்தரங்கமும் கெடுவதில்லை. அவள் வாட்ஸ்அப்பிலேயே புகாரளித்தால், அனுப்பியவனின் இறுதிச் செய்திகள் சில அந்நிறுவனத்தைச் சென்றடையும். ஆனால், சொன்னால் அடி விழும், கைப்பேசி பறிபோகும் என்று அஞ்சிப் பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. பிள்ளையைக் கடிந்து வாயடைக்கும் பெரியோர், தம்மை அறியாமலே கயவனுக்குத் துணைபோகின்றனர்.

அத்தகைய படத்தை வேடிக்கைக்காகவும் பிறர்க்கு அனுப்பலாகாது. புகார் செய்யாது வைத்திருத்தலும் போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்பதை, 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. துன்புற்ற சிறுவர் 1098 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். பெரியவர் உடனிருத்தல் வேண்டும் என்பதில்லை.